இரண்டு முறை அடித்த சைக்கிள் மணி

"அல்லாஹு அக்பர்... அல்லாஹு அக்பர்..."

சுவரே வாய் திறந்ததுபோலப் பாங்கு வெடித்துக் கிளம்பியது. ஜவாஹிர் கட்டிலிலிருந்து துள்ளி எழுந்தான். எழுந்த வேகத்தில் முழங்கை அலுமாரியில் இடித்தது. வலித்தாலும் இருட்டில் தனக்குள் சிரித்துக்கொண்டான். எழும்பிவிட்டான்! நான்கு மாதத்தில் முதல் தடவையாக, ஞாயிற்றுக்கிழமை விடியுமுன் எழும்பிவிட்டான்.

இது நடந்த கதை. போன ஜூன் மாதம் திருகோணமலை நகரத்திலும், நகரத்துக்கு வெளியே கடலுக்கு இறங்கும் ஒடுங்கிய ஒழுங்கையொன்றிலும் நடந்தது. நம்ப விருப்பமில்லாதவர்கள் இந்த இடத்திலேயே பக்கத்தைப் புரட்டிவிடலாம். ஜவாஹிர் கச்சேரி என்கிற அரசாங்க அலுவலகத்தில் பதின்மூன்று வருடமாக எழுத்து வேலை பார்க்கும் இலிகிதன். முத்திரை குத்தாத எந்தக் கடிதத்தையும் நம்பாதவன். அவனிடம் கேட்டால் காரணம் எதுவும் சொல்லமாட்டான். எத்தனை மணிக்கு எது நடந்தது என்பதை மட்டும் சொல்வான். அதையும் ஒரு தடவைதான் சொல்வான்.

ஜவாஹிரின் நித்திரை அவன் குடியிருக்கும் லிங்கநகரில் பேர்போனது. பக்கத்து வீட்டுக் கலியாணத்தில் வெடி கொளுத்தியபோது முழு ஒழுங்கையும் எழும்பியது, அவன் எழும்பவில்லை. அப்படிப்பட்டவன்தான் தன் கூட்டாளி நஸ்ரியோடு ஞாயிறு தோறும் விடியற்காலையில் சைக்கிள் ஓடுவதென்று வருடத் தொடக்கத்தில் சம்மதித்தான். இருவருக்கும் நாற்பது நெருங்கிவிட்டது. இருவருக்கும் தொந்தியும் வந்துவிட்டது.

முதல் வாரம், போனில் அலாரத்தை முற்பகல் நாலரைக்குப் பதிலாகப் பிற்பகல் நாலரைக்கு வைத்துவிட்டான். அது அன்று பின்னேரம் ஒரு மையத்து வீட்டில், எல்லோரும் அழுதுகொண்டிருந்த நேரத்தில், அவனுடைய சேட்டுப் பைக்குள் கிடந்து அலறியது. இரண்டாம் வாரம், திங்கள் முதல் வெள்ளி வரை மட்டும் அடிக்கும்படி வைத்திருந்தான். மூன்றாம் வாரம் எல்லாம் சரியாக வைத்தான். அலாரமும் சரியாக அடித்தது. நித்திரையிலேயே கையை நீட்டி அதை நிறுத்திவிட்டான். நிறுத்தியது அவனுக்கு இன்றுவரை ஞாபகமில்லை.

அந்த மூன்றாம் வாரம்தான் அது நடந்தது. பெப்ரவரி மாதம். ஐந்து பத்து வரை காத்திருந்த நஸ்ரி தனியாகப் போனான். ரயில் கடவையைத் தாண்டிய வளைவில், பின்னால் வந்த லொறியின் பக்கப் பலகை அவனைத் தட்டிவிட்டது. இடது தோளில் எலும்பு இரண்டாக உடைந்தது. தகடு வைத்து ஆணி அடித்தார்கள். உயிர் தப்பியது. ஆனால் இடது கை அதன்பிறகு தோள் மட்டத்துக்கு மேலே எழும்பவில்லை.

ஆஸ்பத்திரியில் நஸ்ரியின் மனைவி ஸாலிஹா ஜவாஹிரைத் திட்டவில்லை. அண்ணன் முறையில் அவனை 'நானா' என்று கூப்பிடுகிறவள், மெதுவாக ஒன்றைத்தான் சொன்னாள்.

"ரெண்டு பேர் போயிருந்தா ரெண்டு வெளிச்சம் நானா. அந்த லொறிக்காரனுக்குத் தெரிஞ்சிருக்கும்."

திட்டியிருந்தால்கூட அவன் தாங்கியிருப்பான்.

நான்கு மாதம் கழித்து, சைக்கிள் ஓடலாம் என்று டாக்டர் சொன்னார். நஸ்ரி துள்ளினான். ஸாலிஹா ஒரு கண்டிசன் போட்டாள். கேற் பூட்டின் திறப்பு அவளிடம்தான் இருக்கும். நாலு ஐம்பதுக்கு ஜவாஹிர் வந்து சைக்கிள் மணியை இரண்டு முறை அடித்தால்தான் கேற்றைத் திறப்பாள். அயலவர்களின் நித்திரை கெடும் என்பதால் விடியற்காலையில் பெயர் சொல்லிக் கூப்பிடுவது அவர்களுக்குள் வழக்கமில்லை. இரண்டு மணிச் சத்தம். அவ்வளவுதான்.

"அவரைத் தனிய மட்டும் விட்டுட்டு வந்திராதீங்க நானா" என்றாள்.

சனிக்கிழமை இரவு நஸ்ரி போன் எடுத்தான்.

"மச்சான், நாளைக்கும் நீ நித்திரை கொண்டாயெண்டா நான் மதிலால பாய்ஞ்செண்டாலும் தனியப் போவன். சொல்லிட்டன்."

"ஒற்றைக் கையால மதில் பாயப்போறியா?"

"பாய்வன். பாய்ஞ்சு மற்றக் கையையும் உடைப்பன். அந்தப் பழியும் உனக்குத்தான்."

பகிடியாகத்தான் சொன்னான். ஆனால் நஸ்ரி சொன்னால் செய்யக்கூடியவன். இந்த முறை ஜவாஹிர் நித்திரை கொண்டால், நஸ்ரி மறுபடியும் அந்த இருட்டு வீதியில் தனியாகத்தான் போவான்.

அதனால்தான் மணிக்கூடு வந்தது. ஜவாஹிரின் மனைவி ரிஸ்னாவின் தம்பி இக்ராம் தோஹாவிலிருந்து லீவில் வந்தபோது கொண்டுவந்த பாங்கு மணிக்கூடு. ஐந்து நேரமும் தானாகவே பாங்கு சொல்லும். சனிக்கிழமை பின்னேரம் இக்ராமே நேரத்தை இலங்கை நேரத்துக்கு மாற்றி, அறைக் கதவு நிலைக்கு மேலே, கை எட்டாத உயரத்தில் ஆணி அடித்து மாட்டினான்.

"இதை நித்திரையில நிப்பாட்ட ஏணிதான் வைக்கோணும்" என்று ரிஸ்னா சிரித்தாள். பிறகு பிள்ளைகளைக் கூட்டிக்கொண்டு, தம்பியோடு கிண்ணியாவுக்கு உம்மா வீட்டுக்குப் போய்விட்டாள்.

அன்று மாலை மஃரிப் பாங்கு மணிக்கூட்டில் ஒலித்தபோது, பள்ளிவாசல் ஒலிபெருக்கியிலும் பாங்கு தொடங்கியது. இரண்டுக்கும் இடையில் ஒன்றிரண்டு நிமிடம்கூட இருக்காது. ஜவாஹிருக்கு முழு நம்பிக்கை வந்துவிட்டது. சுபஹ் பாங்கு நாலரைக்குள். எழும்பி, தொழுது, நாலு ஐம்பதுக்கு நஸ்ரி வீட்டுக் கேற்றடி. பத்தே காலுக்கு நிம்மதியாகப் படுத்தான்.

இப்போது பாங்கு ஒலித்து முடிந்தது. தலையணைக்குப் பக்கத்தில் போனைத் தடவி எடுத்தான். திரை கறுப்பாகக் கிடந்தது. சார்ஜரைச் செருகியவன் சுவிட்சைப் போட மறந்திருந்தான். போன் செத்துப் போயிருந்தது.

பரவாயில்லை என்று நினைத்தான். பாங்கைக் கேட்ட பிறகு மணிக்கூட்டைப் பார்க்கிறவன் யார்? கதவு நிலையைக் கடந்து வெளியே போனான். தலைக்கு மேலே சிவப்பு எண்கள் ஒளிர்ந்துகொண்டிருந்தன. அவன் நிமிர்ந்து பார்க்கவில்லை.

முகம் கை கால் கழுவி, வுழு எடுத்து, தொழுதான். சப்பாத்து போட்டான். தலைக்கவசம் மாட்டினான். சைக்கிளை வெளியே எடுத்து, கேற்றைப் பூட்டினான்.

வெளியே வந்ததும் ஒன்று உறுத்தியது. பள்ளியிலிருந்து சத்தம் எதுவும் இல்லை. ஒலிபெருக்கி பழுதாக்கும் என்று எண்ணிக்கொண்டான்.

சந்திப் பேக்கரி பூட்டிக் கிடந்தது. சுபஹ் நேரம் அந்த இடத்தைக் கடந்தால் பாண் மணக்கும். இன்றைக்கு மணமில்லை. வெளிச்சமில்லை.

பஸ் நிலையத்துக்கு முன்னால் தார் வீதியிலேயே, நகரத்துக்குள் திரியும் மான்கள் படுத்திருந்தன. பத்துப் பதினைந்து இருக்கும். வழமையாக இந்த நேரத்தில் முதல் பஸ்கள் இரைந்து அவற்றைக் கிளப்பிவிடும். இன்று ஒரு பஸ்ஸும் இரையவில்லை. மான்கள் வீதியைத் தங்கள் படுக்கையாகவே வைத்திருந்தன. ஜவாஹிர் சுற்றிக்கொண்டு போனான். அவனைக் கண்டதும் அவை திடுக்கிட்டு எழுந்து ஓடின. குளம்புச் சத்தம் மூடிய கடைகளில் பட்டுத் திரும்பியது.

உட்துறைமுக வீதிக்கு வந்தான். ஒரு பக்கம் கறுப்பாகக் கடல். தூரத்தில் நங்கூரமிட்ட கப்பலொன்றின் விளக்குகள். நஸ்ரியின் வீடு இருக்கும் ஒழுங்கை கொஞ்சம் தள்ளி, வலது பக்கம்.

ஒழுங்கை வாசலில் ஒருவன் சைக்கிளில் நின்றான்.

ஒரு காலை நிலத்தில் ஊன்றி, முதுகைக் காட்டிக்கொண்டு நின்றான். வெள்ளைத் தலைக்கவசம். மஞ்சள் மேலங்கி. லொறிக்காரர்களின் கண்ணில் படட்டும் என்று ஸாலிஹா வாங்கிக் கொடுத்த மேலங்கி.

ஜவாஹிருக்குச் சிரிப்பும் வந்தது, கோபமும் வந்தது. "என்ன மச்சான், மதிலால பாய்ஞ்சிட்டியா?"

பதில் இல்லை. அவன் திரும்பவும் இல்லை. மிதித்துப் புறப்பட்டான்.

"டேய், நான் பிந்தேல்லடா. பாங்கோட எழும்பினனான்."

பதில் இல்லை.

கோபம், என்று ஜவாஹிர் புரிந்துகொண்டான். நான்கு மாதக் கோபம். இருக்கத்தானே வேண்டும்? கையை உடைத்தது நான்தானே? அவன் ஒன்றும் சொல்லாமல் பின்னால் போனான். நஸ்ரி எவ்வளவு நேரம் கதைக்காமல் வந்தாலும் சரி. இன்று அவனைத் தனிய விடுவதில்லை.

துறைமுகத்தை ஒட்டி வீதி வளைந்தது. முன்னால் அவன். இருபது அடி பின்னால் ஜவாஹிர்.

ஜவாஹிர் வேகமாக மிதித்தான். இருபது அடி.

வேகத்தைக் குறைத்தான். அப்போதும் இருபது அடி.

"கை நோகுதா மச்சான்? மெதுவாப் போவமே?"

சத்தமில்லை.

வீதி விளக்குகள் குறையத் தொடங்கின. ஜவாஹிரின் சைக்கிள் லைற்றின் வெளிச்சம் முன்னால் போகிறவனின் முதுகில் விழுந்தது. அந்த மேலங்கியில் இரண்டு வெள்ளிப் பட்டிகள் உண்டு. சிறு வெளிச்சம் பட்டாலே கண்ணைக் கூசும். கடையில் ஸாலிஹா போன் வெளிச்சத்தை அடித்து அடித்துப் பார்த்து வாங்கியது.

பட்டிகள் மின்னவில்லை.

வெளிச்சம் அவன் முதுகில் விழுந்தது... அங்கேயே நின்றுவிட்டது.

அழுக்காயிருக்கும், என்று நினைத்தான். நான்கு மாதம் மூலையில் கிடந்ததல்லவா?

நாலாம் கட்டையில் கடைகள் எல்லாம் இருட்டு. ஞாயிற்றுக்கிழமையும் விடியுமுன் திறக்கும் தேநீர்க் கடைகூட இருட்டு. அங்கிருந்து சீனக்குடா வீதிக்குத் திரும்பினார்கள். இரு பக்கமும் காடு நெருங்கியது. இடையிடையே பழைய எண்ணெய்த் தாங்கிகளின் பெரிய உருண்டைக் கறுப்பு. ஒரு வாகனம் வரவில்லை. ஒரு நாய் குரைக்கவில்லை.

ஜவாஹிர் மிதிப்பதை நிறுத்தினான். சைக்கிள் தானாக உருண்டது. பின்சில்லு சத்தமிட்டது.

டிக்... டிக்... டிக்... டிக்...

அவனுடைய சில்லு மட்டும்.

முன்னால் போகிற சைக்கிளில் சத்தமே இல்லை. சங்கிலி இல்லை. ரயர் இல்லை. மணல் நெரிபடவில்லை.

திரும்பிவிடலாமா?

"அவரைத் தனிய மட்டும் விட்டுட்டு வந்திராதீங்க நானா..."

திரும்பவில்லை.

முன்னால் போனவன் இடது பக்கம் திரும்பினான். அங்கே ஒரு ஒழுங்கை. பற்றைகளுக்கு நடுவே கடலுக்கு இறங்குகிற மண் ஒழுங்கை. அதன் முடிவில் பாழடைந்த இறங்குதுறை ஒன்று இருப்பது ஜவாஹிருக்குத் தெரியும். பகலிலேயே ஆட்கள் போகாத இடம்.

"நஸ்ரி! எங்கடா போறாய்?"

அவன் போய்க்கொண்டிருந்தான்.

"நஸ்ரி! அங்கால பாதை இல்லடா!"

ஜவாஹிரும் திரும்பினான். குழிகளில் சில்லு விழுந்து எழும்பியது. லைற் வெளிச்சம் மேலும் கீழும் ஆடியது. மஞ்சள் முதுகு தெரிந்தது. மறைந்தது. தெரிந்தது.

குழிகளில் அது ஆடவில்லை. தண்ணீரில் மிதக்கிற பொருள்போல வழுக்கிக்கொண்டு போனது.

அப்போது அவன் கையைத் தூக்கினான்.

வா, என்று கூப்பிடுவதுபோல. தலைக்கு மேலே. நேராக. உயர்த்தி...

இடது கை.

ஜவாஹிரின் இரண்டு கைகளும் பிறேக்கை இறுக்கின. சைக்கிள் சறுக்கியது. பக்கவாட்டாக இழுபட்டு நின்றது.

முன்சில்லுக்கு அடியில் நிலம் இல்லை.

உடைந்த சீமெந்து விளிம்பு. அதற்குக் கீழே கறுப்புத் தண்ணீர். ஆழம் தெரியவில்லை.

முன்னால் போனவன் நிற்கவில்லை. விளிம்பைத் தாண்டிப் போனான்.

தண்ணீர் தெறிக்கவில்லை.

ஒரு அலைகூட எழவில்லை.

ஜவாஹிர் மூச்சை அடக்கிக்கொண்டு நின்றான். ஒரு நிமிடம். இரண்டு நிமிடம். பிறகு கேட்டது.

கீழேயிருந்து... தண்ணீருக்குள்ளிருந்து...

டிரிங்... டிரிங்...

இரண்டு முறை.

ஏதாவது ஓத நினைத்தான். வாய் திறக்க வரவில்லை. எவ்வளவு நேரம் அப்படி நின்றான் என்று அவனுக்குத் தெரியாது.

அப்போது துறைமுகத்துக்கு அக்கரையிலிருந்து, கிண்ணியாப் பக்கமிருந்து, காற்றோடு ஒரு குரல் மிதந்து வந்தது. அதைத் தொடர்ந்து இன்னொன்று. பிறகு நகரத்துப் பக்கமிருந்து ஒன்று. எல்லாப் பள்ளிகளிலும் பாங்கு சொல்லத் தொடங்கியிருந்தார்கள். தூக்கத்தைவிடத் தொழுகை மேலானது என்ற வரியைக் கேட்டதும் அவனுக்கு மயிர் சிலிர்த்தது. அந்த வரி சுபஹ் பாங்கில் மட்டும்தான் வரும்.

சுபஹ் பாங்கு இப்போதுதான் சொல்கிறார்கள் என்றால்... வீட்டில் கேட்டது?

அந்தப் புதிர் பிறகு அவிழ்ந்தது. இக்ராம் நேரத்தை மாற்றினான், ஊரை மாற்றவில்லை. மணிக்கூட்டுக்குள் ஊர் தோஹா என்றே இருந்தது. ஜூன் மாதம் தோஹாவில் சுபஹ், மூன்று மணி கடந்த சிறிது நேரத்தில் வந்துவிடும். மஃரிப் மட்டும் இரண்டு ஊரிலும் கிட்டத்தட்ட ஒரே நேரம். மணிக்கூடு அவனை எழுப்பியபோது நேரம் 3.14. இப்போது 4.28.

ஆனால் அந்த நேரத்தில் ஜவாஹிருக்கு இந்தக் கணக்கெல்லாம் வரவில்லை. ஒன்றுதான் விளங்கியது. நாலு ஐம்பது இன்னும் ஆகவில்லை! நஸ்ரி வீட்டில் இருக்கிறான். தண்ணீருக்குள் போனது நஸ்ரி இல்லை. நஸ்ரி தன் கட்டிலில் இப்போதுதான் புரண்டு படுத்திருப்பான். நான் போகாவிட்டால் தனியாகப் புறப்பட்டுவிடுவான். இந்த வீதியால்தான் வருவான்.

சைக்கிளைத் திருப்பினான். அந்தத் தண்ணீரைத் திரும்பிப் பார்க்கவில்லை.

அப்படி ஒரு வேகத்தில் அவன் வாழ்க்கையில் சைக்கிள் ஓடியதில்லை. நாலாம் கட்டைக்கு இந்தப் பக்கம், எதிரே மணல் லொறியொன்று பெரிய லைற்றுகளைப் போட்டுக்கொண்டு வந்தது. கண் கூசியது. லொறி கடந்த பிறகு ஒரு கணம் தலையைத் திருப்பினான்; வீதியின் மறுபக்கத்தில், எதிர்த் திசையில் ஒரு சிறிய சிவப்புப் பின்விளக்கு தூரப் போய்க்கொண்டிருந்தது. யாரோ மீன் எடுக்கப் போகிறவனாக்கும் என்று எண்ணினான்.

நஸ்ரியின் கேற்றுக்கு முன்னால் வந்து இறங்கியபோது நெஞ்சு வெடித்துவிடும்போல் இருந்தது. மணியை இரண்டு முறை அடித்தான்.

வீட்டுக்குள் லைற் எரிந்தது. ஸாலிஹா தொழுகை உடுப்போடு வந்தாள். பூட்டைத் திறந்தவள் அவனையும் அவனுக்குப் பின்னால் வெறும் வீதியையும் பார்த்தாள்.

"என்ன நானா, திரும்பி வந்திட்டீங்க? ரயர் போயிட்டுதா? அவர் எங்க?"

ஜவாஹிர் கேற்றுக்குள்ளே எட்டிப் பார்த்தான். "நஸ்ரி... உள்ள இல்லையா?"

"என்ன பகிடி இது?"

"தங்கச்சி, அவர் எங்க?"

"உங்களோடதானே வந்தவர்! பாங்கு சொல்லி முடிஞ்ச கையோட வந்து மணி அடிச்சீங்களே. நாலு நாற்பது இருக்கும். இண்டைக்கு நேரத்தோட வந்திட்டீங்களே நானா எண்டு நான் பகிடியும் விட்டனான். நீங்க ஒண்டும் கதைக்கேல்ல. வெளிய இருட்டுக்க நிண்டீங்க. அவர் சைக்கிளை எடுத்துக்கொண்டு உங்களுக்குப் பின்னால வந்தவர்..."

அவள் குரல் பாதியில் நின்றது. ஜவாஹிரின் முகத்தில் எதைக் கண்டாளோ, கேற்றைப் பிடித்துக்கொண்டாள்.

"நானா... வந்தது நீங்கதானே?"

ஸாலிஹா உள்ளே ஓடிப் போய்ப் போனை எடுத்து அழுத்தினாள். மறுமுனையில் மணி போனது. போய்க்கொண்டே இருந்தது. யாரும் எடுக்கவில்லை. வரவேற்பறைச் சுவரில் மணி 5.02.

"மோட்டார் சைக்கிள் திறப்பு எங்க? கெதியா!" முற்றத்தில் நின்ற நஸ்ரியின் மோட்டார் சைக்கிளைக் காட்டி ஜவாஹிர் கேட்டான்.

கடல், விளக்குகள், ரயில் கடவை, நாலாம் கட்டை. எதுவும் ஞாபகமில்லை. ஒன்றை மட்டும் திரும்பத் திரும்ப நினைத்தான். அந்தச் சிவப்புப் பின்விளக்கு. இரண்டு பேர் போனார்கள்... ஆனால் வெளிச்சம் ஒன்றுதான் இருந்தது.

எங்கே போக வேண்டும் என்று அவன் யோசிக்கவே இல்லை. நேரே அந்த ஒழுங்கைக்குப் போனான்.

5.14.

கிழக்கில் சாம்பல் நிறம். ஒழுங்கைக்குள் பாதி தூரத்தில் நஸ்ரியின் சைக்கிள் விழுந்து கிடந்தது. முன்லைற் இன்னும் எரிந்துகொண்டிருந்தது. வெளிச்சம் பற்றைக்குள் பாய்ந்திருந்தது.

"நஸ்ரி!"

சத்தமில்லை.

"நஸ்ரி!!"

மோட்டார் சைக்கிளின் வெளிச்சத்தைச் சுற்றிவரத் திருப்பினான். பற்றைக்குள் ஒன்று பளீரென்று மின்னியது. இரண்டு வெள்ளிப் பட்டிகள். கண்ணைக் கூசின. ஜவாஹிருக்கு அழுகை வந்துவிட்டது.

நஸ்ரி மண்ணில் குந்தியிருந்தான். தலைக்கவசம் இல்லை. ஒரு காலில் சப்பாத்து இல்லை. முழங்கால்களைக் கட்டிக்கொண்டு நடுங்கிக்கொண்டிருந்தான்.

"கிட்ட வராத!"

"மச்சான், நான்டா..."

"அங்கயே நில்! கலிமாச் சொல்லு. சத்தமாச் சொல்லு!"

தீய ஆவியின் வாயில் வராது என்பார்களே, அந்த விசுவாச வாக்கியத்தை ஜவாஹிர் சொன்னான். குரல் உடைந்து உடைந்து சொன்னான். முழுதாகச் சொல்லி முடித்த பிறகுதான் நஸ்ரி கையை நீட்டினான். வலது கையை. ஜவாஹிர் அதைப் பிடித்தான். உயிருள்ள மனிதனின் சூடு. வியர்வை.

"நீ கதைக்காம வந்தாய். வெக்கத்தில வாறாய் எண்டு நினைச்சன்" என்றான் நஸ்ரி. பற்கள் அடித்துக்கொண்டன. "இதுக்குள்ள திரும்பினாய். குழியில விழுந்து எழும்ப எனக்குத் தோள் விண் விண்ணெண்டு இடிச்சுது. ஓடேலாமப் போச்சு. இறங்கித் தள்ளிக்கொண்டு வந்தனான். பிறகு அதையும் போட்டுட்டு நடந்தன்."

தோள் வலித்திராவிட்டால்? ஜவாஹிர் அந்த விளிம்பை நினைத்தான்.

"கரைக்குப் போனன். நீ தண்ணிக்குள்ள நிண்டாய். நெஞ்சளவு தண்ணி. வா, வா எண்டு கையைக் காட்டினாய்."

"அது நான் இல்லடா. சத்தியமா நான் இல்ல."

"எனக்கு அப்ப தெரியாதே? நீதான் விழுந்திட்டாய் எண்டு நினைச்சன். உன்னைத் தூக்க இறங்கத்தான் வெளிக்கிட்டனான். ஒரு சப்பாத்தையும் கழட்டிட்டன்."

தூரத்தில் கடல் தெரியத் தொடங்கியிருந்தது. தண்ணீர் கண்ணாடிபோல் அசையாமல் கிடந்தது. இருவரும் அந்தப் பக்கம் பார்க்கவில்லை.

"பிறகு ஏன் இறங்கேல்ல?" என்று ஜவாஹிர் கேட்டான்.

நஸ்ரி பிடித்திருந்த கையை இன்னும் இறுக்கினான்.

"போன் லைற்றை அடிச்சுப் பார்த்தன் மச்சான். கூப்பிட்டுக்கொண்டு நிண்டது நீ மட்டும் இல்ல... உனக்குப் பக்கத்தில நானும் நிண்டனான்."